வெடிப்பும் சேத்துப்புண்ணும்: வடசென்னைக் கால்களுக்கும் நகங்களுக்கும் ஒரு நாட்டு மருந்து வழிகாட்டி

ஒரே பாதத்தில் இரண்டு விதமான நிலம் இருக்கிறது. குதிகால் வானம் பார்த்த பூமி. அங்கே எண்ணெய்ச் சுரப்பி ஒன்றுகூடக் கிடையாது, தோல் தடித்துக் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். விரலிடுக்கோ எப்போதும் நசநசவென்று இருக்கும் சதுப்பு. குதிகாலுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்க வேண்டும், விரலிடுக்கில் ஈரத்தை விரட்ட வேண்டும். கால் வைத்தியத்தில் நடக்கும் தவறுகளில் பாதி, குதிகாலுக்கான எண்ணெயை விரலிடுக்கிலும் சேர்த்துத் தடவுவதால் வருகிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வடசென்னையில் இந்த இரண்டு தொல்லையும் ஒரே ஆளுக்கு வருவது சாதாரணம். காசிமேட்டில் விடியற்காலையிலிருந்து ஐஸ் தண்ணீரும் கடல் தண்ணீரும் ஓடும் தரையில் நிற்கும் கால்கள் ஒரு பக்கம். மணலி, எண்ணூர் கம்பெனிகளில் எட்டு மணி நேரம் சேஃப்டி ஷூவுக்குள் வேகும் கால்கள் இன்னொரு பக்கம். வீட்டுக்கு வந்தால் பல தெருக்களில் உப்புப் பிடித்த போர் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது, தோலில் திட்டாக ஒட்டிக்கொண்டு இன்னும் காய வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் புளியந்தோப்பிலும் தெருவே குளமாகிவிடும்.

சர்க்கரை உள்ளவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள்

கண்ணை மூடிக்கொண்டு படுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆட்காட்டி விரலால் ஒன்றிரண்டு நொடி மெதுவாகத் தொடட்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டதும் சொல்லுங்கள். ஆறு இடத்தில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட காலுக்கு வெந்நீரில் ஊறவைப்பது, கல்லால் தேய்ப்பது, கால் ஆணியைச் சீவுவது எதுவும் வீட்டில் வேண்டாம். கொதிக்கும் தண்ணீரில் கால் வைத்தாலும் அந்தக் காலுக்குத் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். தினமும் பாதத்தைப் பார்த்து, கழுவித் துடைத்து, குதிகாலில் மட்டும் களிம்பு தடவலாம். மற்றதற்கு ஸ்டான்லி மருத்துவமனை போன்ற இடத்தில் காலைக் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

என்ன வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது

கந்தகோட்டத்தை ஒட்டிய ராசப்ப செட்டி தெருவில் நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கீழே உள்ளவை எல்லாம் அங்கே கிடைக்கும். வாங்க வேண்டிய அளவு: கடுக்காய் 100 கிராம், விரலி மஞ்சள் 100 கிராம், தேன்மெழுகு 50 கிராம், வேப்பெண்ணெய் 100 மில்லி, விளக்கெண்ணெய் 100 மில்லி, செக்குத் தேங்காய் எண்ணெய் கால் லிட்டர்.

மஞ்சளைக் கிழங்காகவே வாங்கி இடியுங்கள். தூளாக வாங்கினால் சாயம் கலந்ததா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. தேன்மெழுகில் வெள்ளை மெழுகுவர்த்தி மெழுகைக் கலப்பது உண்டு. ஒரு சின்னத் துண்டை உள்ளங்கைச் சூட்டில் பிசைந்து பாருங்கள். நல்ல தேன்மெழுகு இளகி உருண்டையாகும், தேன் வாசனை வரும். கலப்படமானது உதிரும், வழவழவென்று கையில் பிசுபிசுக்கும். கடுக்காயை உடைத்துக் கொட்டையை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் எடுங்கள். 'கடுக்காய்க்கு அகநஞ்சு, சுக்குக்குப் புறநஞ்சு' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது இதைத்தான்.

குப்பைமேனியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. காலி மனையில், மதில் ஓரத்தில் தானாக முளைக்கும். கதிரில் பூவைச் சுற்றிப் பச்சைக் கிண்ணம் போன்ற மடல்கள் அடுக்கடுக்காக இருப்பது அடையாளம். வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனைகள் வந்து புரளும், அதனால் பூனைவணங்கி என்றும் பெயர். ஆனால் சாக்கடை ஓரம், ரயில் பாதை ஓரம், லாரிகள் ஓடும் மணலி சாலை ஓரம் பறிக்காதீர்கள். அங்கே இலையில் படிந்திருப்பது கழுவினாலும் முழுதாகப் போகாது. மொட்டைமாடித் தொட்டியில் ஒரு செடி வைத்தால் போதும், அடுத்த மழைக்குப் பத்துச் செடி ஆகிவிடும்.

எண்ணெய் காய்ச்சும் முறை

குப்பைமேனி இலை 50 கிராம், அதாவது இரண்டு கைப்பிடி. வேப்பங்கொழுந்து 50 கிராம். இடித்த விரலி மஞ்சள் 10 கிராம், அதாவது குவியலாக இரண்டு டீஸ்பூன். இலைகளை அலசி, நிழலில் ஒரு மணி நேரம் உலர்த்துங்கள். பிறகு மஞ்சளோடு சேர்த்து 100 மில்லி தண்ணீர் விட்டு விழுதாக அரையுங்கள். அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் 250 மில்லி தேங்காய் எண்ணெயை லேசாகச் சூடாக்கி விழுதைப் போடுங்கள். தண்ணீர் இருப்பதால் முதலில் பொங்கும். ஆகவே பாத்திரத்தில் பாதிக்கு மேல் காலியாக இருக்க வேண்டும்.

அடுப்பு கடைசி வரை சிறு தீயில்தான். நாற்பது, ஐம்பது நிமிடம் ஆகும், அவ்வப்போது அடி பிடிக்காமல் கிளறுங்கள். கவனிக்க வேண்டியது பதம். கரண்டியில் கொஞ்சம் கசடை எடுத்து விரலால் உருட்டினால் மெழுகு போலத் திரள வேண்டும். அந்தக் கசடைத் தீயில் காட்டினால் சடசடவென்று வெடிக்கக் கூடாது. வெடித்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது, அந்த எண்ணெய் பத்து நாளில் பூசணம் பிடிக்கும். கசடு மணல் போல உதிர்ந்து கறுக்கத் தொடங்கினால் ஒரு பதம் தாண்டிவிட்டது. புறப்பூச்சுக்கு அதுவும் ஆகும், ஆனால் கருகிய வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் வெள்ளைத் துணியில் வடிகட்டினால் 200 மில்லிக்கு மேல் பச்சை கலந்த மஞ்சள் எண்ணெய் கிடைக்கும். துளிகூட ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் மூன்று, நான்கு மாதம் இருக்கும். சிக்கு வாடை வந்தால் அன்றோடு தூக்கிப் போடுங்கள்.

முதல் தடவை, முழங்கையின் உட்புறத்தில் ஒரு காசளவு தடவி ஒரு நாள் பொறுங்கள். குப்பைமேனியும் மஞ்சளும் சிலருக்குத் தடிப்பை உண்டாக்கும்.

அதைக் களிம்பாக்குவது

மூலிகை எண்ணெய் 60 கிராம், விளக்கெண்ணெய் 20 கிராம், துருவிய தேன்மெழுகு 20 கிராம். வாணலியில் தண்ணீரைச் சூடாக்கி, அதன்மேல் கிண்ணத்தை வைத்து மூன்றையும் ஒன்றாகவே உருக்குங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும், நேரடித் தீ தேவையே இல்லை. மெழுகை மட்டும் உருக்கிவிட்டு அதில் ஆறிய எண்ணெயை ஊற்றினால் மெழுகு உடனே உறைந்து ரவை ரவையாகிவிடும். அப்படி ஆனால் மறுபடி சூடாக்கினால் சரியாகும். ஒரு சொட்டைக் குளிர்ந்த ஸ்பூனில் விட்டுப் பாருங்கள். கல் மாதிரி இறுகினால் ஒரு ஸ்பூன் எண்ணெய் கூட்டுங்கள், ஓடினால் 5 கிராம் மெழுகு கூட்டுங்கள். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டு அலமாரியில் கரையாமல் இருக்க இந்த ஐந்தில் ஒரு பங்கு மெழுகு வேண்டும். மார்கழியில் செய்வதானால் 15 கிராம் போதும்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். வெடிப்பை ஆற்றுவதில் பெரும்பங்கு மெழுகுக்கும் எண்ணெய்க்கும்தான், தோலிலிருந்து ஈரம் வெளியேறாமல் மூடி வைப்பது அவைதான். இலைகள் துணைக்கு. காய்ச்ச நேரமில்லாதவர்கள் வெறும் தேங்காய் எண்ணெயில் மெழுகை உருக்கினாலும், கடையில் விற்கும் பெட்ரோலியம் ஜெல்லி தடவினாலும் குதிகால் ஆறும்.

பித்தவெடிப்பு: ராத்திரி வேலை

பித்தவெடிப்பு என்று பெயர் இருந்தாலும் பித்தத்தைவிடச் செருப்புக்குத்தான் இதில் பங்கு அதிகம். பின்பக்கம் திறந்த செருப்பில் நிற்கும்போது உடல் எடையால் குதிகால் சதை பக்கவாட்டில் பிதுங்கும். தோல் காய்ந்து தடித்திருந்தால் வளையத் தெரியாமல் வெடித்துவிடும். பகலெல்லாம் வெறுங்காலில் சிமெண்டுத் தரையில் நின்று சமைப்பவர்களுக்கும் இதே கதைதான்.

படுக்கப் போகும் முன், முழங்கையால் தொட்டுப் பார்த்து வெதுவெதுப்பாக உள்ள தண்ணீரில் பத்து நிமிடம் காலை வையுங்கள். உப்புப் போட வேண்டாம். வெடிப்பில் எரியும், தோலைக் காயவும் வைக்கும். போர் தண்ணீர் கரிக்கும் வீட்டில் இதற்கு மட்டுமாவது மெட்ரோ வாட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஊறினால் தோல் ஊதி வெளுத்து, காய்ந்ததும் முன்னைவிட வறளும். ஊறியதும் கால் தேய்க்கும் கல்லாலோ பீர்க்கங்காய் நாராலோ ஒரே திசையில் ஒரு குதிகாலுக்கு இரண்டு நிமிடம், அழுத்தாமல். வழவழப்பாகும் வரை தேய்க்கக் கூடாது. கொஞ்சம் தடிப்பு மிச்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள். முழுக்கத் தேய்த்து எடுத்தால், உடம்பு பாதுகாப்புக்காக அதைவிடத் தடித்த தோலை வளர்க்கும். கல் வேலை மூன்று நாளுக்கு ஒரு முறைதான். பிளேடு எந்த நாளும் வேண்டாம்.

துடைத்த மூன்று நிமிடத்துக்குள், தோலில் லேசான ஈரம் இருக்கும்போதே, குதிகாலுக்குச் சுண்டைக்காய் அளவு களிம்பு. வெடிப்புக்குள் விரலால் அழுத்தி நிரப்புங்கள். மேலே பழைய காட்டன் சாக்ஸ். இது படுக்கை விரிப்பில் எண்ணெய் படாமலிருக்க மட்டும் சொல்வதல்ல. விளக்கெண்ணெய் தடவிய காலோடு ராத்திரி டைல்ஸ் தரையில் எழுந்து போய் வழுக்கி விழுபவர்கள் உண்டு. களிம்பு தினமும். பத்து நாளில் வலி குறையும், வெடிப்பு மூட மூன்று வாரம் ஆகும்.

ரத்தம் கசியும் ஆழமான வெடிப்பில் கல் படக் கூடாது. கழுவி, களிம்பு வைத்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்து இழுத்துப் பேப்பர் டேப் ஒட்டுங்கள். நடக்கும்போது மறுபடி பிளக்காது. மஞ்சளைக் குழைத்துப் பத்துப் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. காய்ந்ததும் அது தோலை இழுத்துப் பிடித்து வெடிப்பை விரிக்கிறது. மஞ்சள் வேண்டுமென்றால் எண்ணெயோடு மட்டும்.

சேத்துப்புண்: எண்ணெய் படாத இடம்

நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில்தான் முதலில் பிடிக்கும், ஏனென்றால் அந்த இடுக்கில் காற்றே போகாது. தோல் வெள்ளையாக ஊறி, அரித்து, உரித்தால் அடியில் சிவப்பாக இருக்கும். பூஞ்சைதான் பெரும்பாலும் காரணம், நாற்றம் வந்தால் பாக்டீரியாவும் சேர்ந்துவிட்டது.

இங்கே கடுக்காய்தான் தலைவன். அதன் துவர்ப்பு, ஊறிய தோலை இறுக்கும். கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோல் 10 கிராமை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு, சிறு தீயில் முக்கால் லிட்டராகும் வரை காய்ச்சி வடிகட்டுங்கள். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மையாகக் கறுத்துவிடும். துணிச் சாயம் பிடிக்க அந்தக் காலத்தில் கடுக்காய் போட்டதும் இதே குணத்துக்காகத்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்களால் பெயர் பெற்ற வண்ணாரப்பேட்டையில் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. துண்டில் பட்டால் கறை போகாது, பழைய துணியையே பயன்படுத்துங்கள்.

ஆறியதும் காலை ஐந்து நிமிடம் அதில் வைத்து எடுங்கள். காலையில் ஒரு முறை, வேலை முடிந்து வந்து ஒரு முறை. கஷாயம் அன்றன்றைக்குப் புதிது. பிறகு ஒவ்வொரு இடுக்காகத் துணியைக் கொடுத்து ஒற்றி எடுங்கள். இதுதான் வைத்தியத்தின் முக்கியமான பகுதி, இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். விரல்கள் ஒட்டியிருந்தால் வெளியே போகும்போது இடையில் ஒரு சின்னக் காட்டன் துணித் துண்டு, ஈரமானதும் மாற்ற வேண்டும். எண்ணெய், களிம்பு, மஞ்சள் விழுது எதுவும் இடுக்கில் வேண்டாம். துண்டைப் பிள்ளைகளோடு பங்கு போடாதீர்கள்.

இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் கடுக்காயோடு மல்லுக்கட்டாமல் பூஞ்சைக்கான க்ளோட்ரிமசோல் களிம்புக்கு மாறுங்கள். புண் மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். மருந்துக் கடையில் அரிப்புக்கு என்று கேட்டால், ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பை எடுத்துக் கொடுப்பது உண்டு. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், உள்ளே பூஞ்சை பரவும், பிறகு எந்த மருந்துக்கும் எளிதில் கட்டுப்படாது. டியூபில் எழுதியிருப்பதைப் படித்து, பூஞ்சை மருந்து மட்டும் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

ஷூ போடுபவர்கள் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட வேண்டும். வேர்வையில் ஊறிய ஷூ முழுதாகக் காய ஒரு நாள் போதாது.

நகம்

குளித்த பிறகு நகம் இளகியிருக்கும்போது வெட்டுங்கள். கால் நகத்தை நேர்கோட்டில், விரல் நுனிக்குச் சமமாக. ஓரத்தை வளைத்து உள்ளே தோண்டி வெட்டினால் வளரும்போது சதைக்குள் குத்தும். நகவெட்டி ஆளுக்கு ஒன்று.

நகம் உடைந்து ஏடு ஏடாகப் பிரிகிறது என்றால் பெரும்பாலும் காரணம் தண்ணீரும் சோப்புத் தூளும்தான்; திரும்பத் திரும்ப ஊறி, திரும்பத் திரும்பக் காய்வதால் வருவது. பாத்திரம், துணி வேலை முடிந்ததும் ஒவ்வொரு நகத்துக்கும் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் வைத்து, நகக்கண்ணில் அரை நிமிடம் தேய்த்து விடுங்கள். வெள்ளைப் புள்ளிக்குக் கால்சியம் மாத்திரை வேண்டியதில்லை, அது எங்கேயோ இடித்துக்கொண்டதன் தழும்பு. நகம் ஸ்பூன் போலக் குழிந்தால் ரத்தத்தில் இரும்புச் சத்தைப் பார்க்க வேண்டும்.

நகச்சொத்தை விஷயத்தில் மூலிகைக்கு எல்லை உண்டு. மஞ்சளித்துத் தடித்து மாவு மாதிரி உதிரும் நகத்துக்குள் எண்ணெய் எளிதில் இறங்காது. ஓரத்தில் மட்டும், ஒன்றிரண்டு நகத்தில் மட்டும் இருந்தால் முயன்று பார்க்கலாம். வாரம் ஒரு முறை மேல்பரப்பை அரத்தால் மெல்லியதாக்கி, வேப்பெண்ணெய் ஒரு பங்கும் தேங்காய் எண்ணெய் மூன்று பங்கும் கலந்து, பஞ்சுக் குச்சியால் இரவில் நகத்தின்மேல் மட்டும் தடவுங்கள். அந்த அரத்தை வேறு நகத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். கால் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். பழைய நகம் முழுக்க வெளியேற 12 முதல் 18 மாதம் பிடிக்கும். மூன்று மாதத்தில் அடிப்பகுதியில் தெளிவான நகம் தலை காட்டவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் நகத்துணுக்கைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். காளாஞ்சகப்படை எனும் சொரியாசிஸும் பார்வைக்கு இப்படியே இருக்கும். வேப்பெண்ணெய் பாட்டிலைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், உள்ளே போனால் ஆபத்து.

நகச்சுத்தி வந்தால் விரலை எலுமிச்சம்பழத்துக்குள் சொருகி வைப்பது நம் வீடுகளின் முதல் வைத்தியம். குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் சீழை அது வெளியே எடுக்காது. சிவந்து வலிக்கத் தொடங்கிய முதல் நாளில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை விரலை வைத்தால் பல நேரம் அடங்கிவிடும். மஞ்சள் நிறத்தில் சீழ் தெரிந்தாலோ, விண்விண்ணென்று தெறித்துத் தூக்கம் கெட்டாலோ மருத்துவர் கீறி எடுக்க வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசாதீர்கள், சுண்ணாம்பு தோலை அரித்துவிடும்.

மருதாணி நகத்துக்கு நல்லதுதான். நகத்தின் புரதத்தோடு அதன் சாயம் ஒட்டிக்கொள்கிறது, ஆய்வகச் சோதனைகளில் பூஞ்சையை அடக்கும் குணமும் அதற்கு உண்டு. பச்சை இலையைத் துளி புளியோடு அரைத்துத் தொப்பி போட்டு மூன்று, நான்கு மணி நேரம் வைத்தால் போதும். உடனே கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கும் கோன் வேண்டாம், அதில் தலைமுடிச் சாய ரசாயனம் கலந்திருக்கலாம். கொப்புளம் போட்டுத் தழும்பாகும். கைக்குழந்தைகளுக்கு வைக்காதீர்கள். ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு மருதாணி ரத்த அணுக்களைச் சிதைக்கும், குறைபாடு இருப்பது பெற்றோருக்கே தெரியாமல் இருக்கலாம். நகத்தில் புதிதாக நெடுக்கே கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தால் மருதாணியால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கால் ஆணி

ஆணிக்கு வேர் கிடையாது. ஒரே இடத்தில் செருப்பு அழுத்துவதால் தோல் கூம்பாக இறுகுவதுதான் அது. அழுத்தம் போனால் ஆணியும் போகும். ஊறவைத்துத் தேய்த்துக் களிம்பு தடவி, மெத்தென்ற செருப்புக்கு மாறுங்கள். எருக்கம்பால், சேங்கொட்டை இரண்டையும் தொடவே வேண்டாம். சேங்கொட்டை சுற்றியுள்ள நல்ல தோலையும் பொசுக்கும், எருக்கம்பால் கை வழியாகக் கண்ணுக்குப் போனால் பார்வைக்குக் கேடு. பக்கவாட்டில் கிள்ளினால் வலித்து, உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆணியில்லை, மரு. அதற்கு வைத்தியம் வேறு.

தெருவில் தண்ணீர் நிற்கும் வாரம்

இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், இறங்கும் முன் வெடிப்புகளில் களிம்பைத் தாராளமாக அப்பி அடையுங்கள். அந்தத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் கிருமி வெடிப்பு வழியாக எளிதில் உள்ளே போகும். வெறுங்காலோடு போகாதீர்கள். பின்வார் உள்ள ரப்பர் செருப்பாவது வேண்டும், கம்பூட் இருந்தால் இன்னும் நல்லது. திரும்பியதும் சோப்புப் போட்டு முழங்கால் வரை கழுவி, இடுக்குகளைத் துடைத்து, கடுக்காய்க் கஷாயத்தில் ஐந்து நிமிடம். ஆணி, கண்ணாடி குத்தியிருந்தால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு டி.டி. எனும் டெட்டனஸ் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். மீன் முள் குத்தி மறுநாள் வீக்கம் மேலே ஏறினால் எந்த இலையும் வைத்துக் கட்டாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், கடல் தண்ணீர்க் கிருமிகள் வேகமாகப் பரவும். தண்ணீரில் நடந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.